பெயர் எழுதாத தாள்

நாலு மணி வெயில் ஆசிரியர் அறை மேசையில், திறந்து கிடக்கும் புகார்ப்பெட்டியின் மேல் விழுகிறது. பெட்டியில் இருந்தது ஒரே தாள்: ‘வேன் ஓட்டும்போது டிரைவர் அண்ணன் போனில் வீடியோ பார்க்கிறார்.’ பெயர் இல்லை. பெயர் எழுத வேண்டாம், யாருக்கும் தெரியாது என்று வகுப்பில் அடித்துச் சொன்னவள் ஷைஜா டீச்சர். தினமும் நோட்டு திருத்துகிறவளின் வாய், தாளைக் கண்டதும், “இது நம்ம அஞ்சுவுக்க கையெழுத்துல்லா!” என்றுவிட்டது. அதைக் கேட்ட தலைமையாசிரியர் டிரைவர் விபினைக் கூப்பிட்டுக் கண்டித்தார். பிள்ளையின் பெயரையும் சொல்லியே அனுப்பினார். இப்போது சன்னலுக்கு வெளியே வேன் உறுமுகிறது. “ஏட்டி அஞ்சு, பின்னால எங்க போற? முன்னால வந்து இரி மக்கா. நல்லா பாத்து எழுதாண்டாமா?” விபின் சிரிக்கிறான், வேனே சிரிக்கிறது. பையை மார்போடு அணைத்தபடி முன்சீட்டில் ஏறும் அஞ்சு அவனைப் பார்க்கவில்லை. சன்னலில் நிற்கும் டீச்சரைப் பார்க்கிறாள்.