பக்கத்து மேஜை விளக்கு

"அந்தம்மாவை வேற பிரிவுக்கு மாத்திடுங்க சார். ஆபீஸ் பேரே கெடுது," என்றான் சைகைக்காரன்.

காது கேளாதவர்களுக்கான உதவி மையம் அது. அவர்கள் வீடியோவில் வந்து சைகையில் கேட்பார்கள். இவன் சைகையிலேயே பதில் சொல்வான். சேர்ந்து சில மாதம்தான். அதற்குள் மேனேஜரின் செல்லப்பிள்ளை.

பக்கத்து மேஜை அம்மாளுக்கு, வந்த அழைப்புகளின் விவரத்தை கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலை. தலைக்கு மேல் விளக்கு எப்போதும் மங்கலாகவே எரியும். அதனால் 'மங்கலம்' என்று பட்டப்பெயர். வைத்தவன் சைகைக்காரன். நகைச்சுவையிலும் கெட்டிக்காரன்.

மேனேஜர் மங்கலத்தைக் கூப்பிட்டார். "என்னம்மா, நேத்து வேலையே இன்னும் முடியலையாமே?"

"நெட் ரொம்ப மெதுவா வருது சார்."

"எனக்கு மட்டும் எப்படிக்கா பறக்குது?" என்றான் சைகைக்காரன். "ஒரு கால்கூட நடுவுல நின்னதில்ல. வேலை செய்யணும்னு மனசு இருந்தா எல்லாம் ஓடும். இருட்டுல உக்காந்தா தூக்கம்தான் வரும்."

மேனேஜர் சிரித்தார். ஆகவே எல்லோரும் சிரித்தார்கள்.

அந்த ஆபீஸில் வைஃபை கிடையாது; ஒவ்வொரு மேஜைக்கும் நெட் வருவதே அதன் மேலுள்ள கூரை விளக்கின் வெளிச்சம் வழியாகத்தான். எதற்கும் இருக்கட்டும் என்று இன்ஜினியரை வரவழைத்தார்கள்.

இரண்டு மேஜைகளையும் சோதித்துவிட்டு அவர் சொன்னார்: "இந்தம்மா விளக்குல கோளாறு இல்ல. இவங்களே வேணும்னு குறைச்சு வெச்சிருக்காங்க."

"நான் சொல்லல?" என்றான் சைகைக்காரன்.

"இருங்க தம்பி. இந்த விளக்கு முழுசா எரிஞ்சா, வெளிச்சம் உங்க மேஜையிலயும் வந்து விழும். ரெண்டு பேர் ஒரே நேரத்துல பேசினா ஒண்ணும் புரியாதில்ல, அது மாதிரி ரெண்டு விளக்கோட நெட்டும் குழம்பிடும். உங்க வீடியோ நின்னுரும். இவங்க குறைச்சதாலதான் உங்களுக்குப் பறக்குது. இவங்களுக்கு இழுத்துக்கிட்டு நிக்குது. ரெண்டு விளக்கும் மாறி மாறி அனுப்புற மாதிரி அமைச்சுட்டா சரியாயிடும். சின்ன வேலைதான்."

மேனேஜர் தொண்டையைச் செருமினார். "ஏம்மா, இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே?"

மங்கலம் தயங்கினார். "பேசிட்டிருக்கும்போது படம் நின்னுட்டா, பாவம், எதிர்ல இருக்கறவங்க என்ன சொல்ல வந்தாங்கன்னே தெரியாது சார்."

பிறகு சைகைக்காரனைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"தம்பிகிட்ட சொல்லியிருந்தா, எனக்காகத் தன் விளக்கைக் குறைச்சுக்கிட்டிருப்பாரு. ரொம்ப இளகின மனசு சார் அவருக்கு."