கண்ணால் பார்த்தது

அக்கா மூக்கைப் பிடித்துக்கொண்டு இலைச்சாற்றை ஒரே மடக்கில் குடித்தாள். புற்றுநோய்க்குப் போடும் ஊசி அவளுடைய கிட்னியைப் பதம் பார்த்துவிடக் கூடாதென்று, தம்பி தன் ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து கொண்டுவந்த சாறு.

"இதே ஊசி போட்டவங்களுக்குத்தானே இதைக் குடுத்துப் பாத்தீங்க?"

"ஆமாக்கா. ஒருத்தருக்குக்கூட கிட்னி கெடல. புதுசு மாதிரி இருந்துச்சு. நானே கண்ணால பாத்தேன்."

"அப்போ அவங்கள்ல ஒருத்தரைக் கூட்டிட்டு வாயேன். ரெண்டு வார்த்தை பேசினா தெம்பா இருக்கும்."

தம்பிக்குத் தூக்கிவாரிப் போட்டது. கழுவிய டம்ளரையே திரும்பவும் கழுவினான்.

"அவங்க யாரும் இந்த ஊர்ல இல்லக்கா."

"போன்லயாவது பேச வையேன்."

குழாய்ச் சத்தத்துக்குள் கூண்டுக் கம்பியை யாரோ பிறாண்டுவது போலிருந்தது. குழாயை மூடினான். பிறாண்டல் நிற்கவில்லை.

அக்கா சிரித்துவிட்டாள். "சும்மா உன் வாயைக் கிண்டினேன்டா. எலிங்கதானே? உன் சட்டையில அடிக்கிற நாத்தமே காட்டிக் குடுக்குது. அதுக்கு ஏன்டா இப்படி முழிக்கிற?"

அவனுக்குப் போன உயிரில் பாதி திரும்பி வந்தது.

"சரி, பொழைச்ச ஜீவனுங்களை என்ன பண்ணீங்க? தோட்டத்துல கொண்டுபோய் விட்டுட்டீங்களா?"

தம்பி தலையைக் குனிந்துகொண்டான்.

"கிட்னியை வெளியில இருந்து எப்படிக்கா பாக்க முடியும்?"

அக்காவின் கை தானாகப் போய் இடுப்பைப் பொத்திக்கொண்டது.