எரியாத கைவிளக்கு

"இதெல்லாம் ஒரு வெளக்கா? பேரீச்சம்பழத்துக்குப் போட்டாக்கூட எடுக்க மாட்டான்."

வாங்க வந்த தம்பதி அந்த ரயில்வே கைவிளக்கைக் கீழே வைத்துவிட்டு நகர்ந்தார்கள். யோகப்பிரியாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கடையை விட்டு நகராத இந்தப் பெரியவர் காலையிலிருந்து வியாபாரத்தைக் கெடுப்பது இது நாலாவது தடவை.

"ஏனுங்க, வாங்கறதுன்னா வாங்குங்க. இல்லாட்டி நவுந்து நில்லுங்க. வர்ற ஆளையெல்லாம் தொரத்தறதுக்கு யாராச்சும் சம்பளம் தர்றாங்களா?"

"உள்ளதத்தான சொன்னேன், அம்மிணி."

"உள்ளதச் சொல்றதுக்கு நான் இருக்கறனுங்க."

அது நிஜம். பிளஸ் ஒன்னில் கணக்கு டீச்சரைப் பார்த்து, "உங்களுக்கே புரியலீங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தவள், திரும்பப் போகவில்லை. வீட்டில் திட்டு வாங்கித் தந்த அந்த வாய்தான் இந்தச் சந்தையில் அவளுக்கு மூலதனம். "பிடி ஆடும்", "இதுல பால் காய்ச்சினா அடிப்புடிக்கும்" என்று அவளே சொல்லிவிடுவாள். அதனால் அவள் நல்லது என்றால் ஜனங்கள் யோசிக்காமல் வாங்கினார்கள்.

சித்திரைக் கனிக்கு முந்தின நாள் கூடும் பழைய சாமான் சந்தை அது. கொல்லங்கோட்டுப் பக்கம், மீட்டர்கேஜ் காலத்து ஸ்டேஷன். பிளாட்பாரத்தை ஒட்டி வரிசையாகக் கொன்றை மரங்கள். காற்றே இல்லை, பூ மட்டும் உதிர்ந்தபடி இருந்தது. பித்தளை அண்டா, ஊஞ்சல் சங்கிலி, பாடாத ரேடியோ, எல்லாவற்றின் மேலும் மஞ்சள். பார்த்தால், யாரோ கனவில் விட்டுவிட்டு எழுந்துபோன சாமான்கள் மாதிரி.

சந்தைக்கு ஒரு வழக்கம் உண்டு. சொந்தச் சாமானைச் சொந்தக் கையால் விற்கக் கூடாது, லட்சுமி கோபித்துக்கொள்வாள். மூட்டை கட்டிக் கொடுத்துவிட்டால் வேறு யாராவது விற்பார்கள். யார் வீட்டுச் சாமான் என்று கேட்கக் கூடாது. கொடுத்தவர் பாதியில் திருப்பிக் கேட்கவும் கூடாது. ஆனால் சாயங்கால ரயில் கிளம்பும்வரை எது விலை போகவில்லையோ, அது வீட்டை விட்டுப் போக மனசில்லாத சாமான். கொடுத்தவர் வந்து எடுத்துப்போய்க் கனித் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட வேண்டும். அப்புறம் யாரும் அதை வெளியே போட முடியாது.

மத்தியானம் செபாஸ்டின் வந்தார். சாந்தன்பாறையில் ஹோம்ஸ்டே நடத்துகிற மலையாளி. வாசலில் தொங்கவிட ஒரு பழைய ரயில் விளக்கு தேடினார்.

"அடியில ஓட்டைங்க," என்றார் பெரியவர், உடனே.

செபாஸ்டின் அவரைக் கண்டுகொள்ளவில்லை. "மோளே, நீ பொய் சொல்ல மாட்டேன்னு சந்தையே பறயுது. இது எரியுமோ?"

"இன்னும் பாக்கலீங்க. சாயந்தரம் பத்த வெச்சுக் காட்டறேன், வாங்க."

"எரிஞ்சா நீ சொன்ன விலை."

அவள் சொன்னது பெரிய விலை. அதில் அவளுக்கும் பங்கு உண்டு. சாயங்காலம் வெகு அக்கறையாகக் கண்ணாடியைத் துடைத்தாள், எண்ணெய் ஊற்றினாள், திரியைப் பற்ற வைத்தாள். சிவப்பாக, அழகாக எரிந்தது.

"இப்ப என்ன சொல்றீங்க? ஓட்டையா?"

பெரியவர் குனிந்து திரியைப் பார்த்தார். "திரியக் கொஞ்சம் எறக்கு. கண்ணாடி கருத்துப்போகும்," என்றார் மெதுவாக.

அப்போது வளைவில் ரயில் கூவியது.

பெரியவர் எழுந்தார். விளக்கு எப்படி அவர் கைக்குப் போனது என்று அவளுக்குத் தெரியவில்லை. "ஏனுங்க, வைங்க அதை" என்று கத்த வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டாள். அவர் விளக்கைப் பார்க்கவேயில்லை. கட்டைவிரல் தானாக ஒரு திருகைத் திருப்பியது. சிவப்பு போய்ப் பச்சை வந்தது. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, குதிகால் சேர்த்து விறைப்பாக நின்று, கையை நீட்டிப் பிடித்தார். மங்கலில், பச்சை வெளிச்சத்துக்குள் கொன்றைப் பூக்கள் இறங்கிக்கொண்டிருந்தன. கடைசிப் பெட்டி அவரைத் தாண்டும்வரை அந்தக் கை ஆடவில்லை. ரயில் கொஞ்சம் தள்ளிப் போய் நின்றது.

"கேட் கீப்பருங்களா?"

"இருவத்தொம்பது வருசம். கேட்ட மூடி சப்வே போட்டப்ப, ரத்தினசாமி, நீயே வெச்சுக்கன்னு ஆபீசர் குடுத்தாரு."

கேட்கக் கூடாது என்று தெரிந்தும் கேட்டாள். "அப்ப, இது உங்க ஊட்டுச் சாமானுங்களா?"

ரத்தினசாமி தண்டவாளத்தைப் பார்த்தார். "பையன் கோயமுத்தூருக்கு வரச் சொல்றான், கண்ணு. பழசுக்கெல்லாம் அங்க எடமில்லையாம். அவனே மூட்டையில போட்டுட்டான்."

கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு செபாஸ்டின் ஓடி வந்தார். கையில் பணம்.

"மோளே, சீக்கிரம்! ரெண்டு நிமிஷந்தான் நிக்கும், நான் இதுல பொள்ளாச்சி போகணும். பத்த வெச்சியா? எரியுதோ?"

யோகப்பிரியா வாயைத் திறந்தாள். மூடினாள். மறுபடி திறந்தாள்.

"எரியலீங்க."

செபாஸ்டின் அவளைப் பார்த்தார். ரத்தினசாமியின் கையைப் பார்த்தார். பிறகு, கழற்றி வைத்த அந்தச் செருப்பைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

ரயில் கூவியது. பணத்தைப் பையில் திணித்துக்கொண்டார்.

"ஆமா," என்றார், முகம் முழுக்கப் பச்சை வெளிச்சத்தோடு. "எரியலை."