மாப்பேணிக்குள் ஒரு திறப்பு

சொந்த வீட்டுச் சண்டையை மூடிவைத்துவிட்டு அடுத்தவன் வீட்டுச் சண்டையைக் காசு கட்டிப் பார்க்கிற சனங்களைக் கண்டால் அல்பேட்டுக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. மல்வேர்னில் உள்ள வீட்டு ஹோலில், பனியில் பட்டுத் தெறிக்கும் மத்தியான வெயிலைத் திரைச்சீலையால் மறைத்துவிட்டு, மகள் ஏஞ்சலா புருசன் மரியோவோடு சோபாவில் ஒட்டி இருக்கிறாள். இருவரும் சேர்ந்து பார்க்கவென்று அவள் ஒரு மாதமாகப் பொத்திவைத்த படம். ஒருவரையொருவர் நம்பாத புருசன் பெண்சாதி கதை. பின்னால் நடந்தது முன்னால் வருகிறது. கிழவருக்கு ஒரு இழவும் விளங்கவில்லை. மரியோ மிக்சரை மென்றபடி, "இப்ப பாரும், அவள் கார்த் திறப்பை மாப்பேணிக்குள்ள ஒளிப்பாள்," என்கிறான். திரையில் அந்தப் பெண்ணின் விரல்கள் மாத் தகரத்துக்குள் கார்ச் சாவியைப் புதைக்கின்றன. மிக்சர்க் கோப்பைக்கு மேலே ஏஞ்சலாவின் கை அப்படியே நிற்கிறது.

"முதலே பாத்திட்டீங்களோ? ஆரோட?"

"சும்மா ஊகிச்சுச் சொன்னனான். நீர் படத்தைப் பாரும்."

அவள் படத்தைப் பார்க்கவில்லை, அவனைப் பார்க்கிறாள். திரை வெளிச்சம் அவன் முகத்தில் நீலமாக ஆடுகிறது. அல்பேட் தேத்தண்ணிக் கோப்பையோடு எழும்புகிறார்.

"கெட்டிக்காரன்தான் தம்பி. சனிக்கிழமையில ஓவர்டைம் எண்டு போறனீர், அங்க உந்த ஊகிக்கிற வித்தையும் பழக்கிறவங்களோ?"

"ஐயோ மாமா, அது வந்து..." என்று மரியோ தொடங்குகிறான். ஒரு சொல்லையும் நம்பாமல், திரும்பியும் பாராமல், அவர் கோப்பையைக் கழுவக் குசினிப் பக்கம் நடக்கிறார்.