முதலிலிருந்து

"எத்தனை குழந்தைங்கம்மா?"

புது டாக்டர். மேசையில் கோப்பு இருந்தது. அவர் அதைத் திறக்கவில்லை.

அவன் மனைவி மடியிலிருந்த கைப்பையைப் பார்த்தாள்.

"ஒண்ணு. இல்ல."

"ஒண்ணா, இல்லையா? சரியாச் சொல்லுங்க."

அவன்தான் சொன்னான். ஒன்பதாம் மாதம். பையன். பிறக்கும்போதே மூச்சு இல்லை.

போன வாரம் வேறொருவரிடம் சொன்னது. அதற்கு முன்பு இன்னொருவரிடம். சொல்லிவிட்டு வந்த நாளெல்லாம் அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிடுவாள்.

வெளியே வந்ததும் நின்றாள்.

"இனிமே நான் வரலைங்க."

"பிரஷர் இன்னும் இறங்கலையே."

"இறங்காட்டி போகுது. இன்னொருத்தர்கிட்ட முதல்லேர்ந்து என்னால சொல்ல முடியாது."

அவளை ஆட்டோவில் ஏற்றிவிட்டு மாடி ஏறினான். அதே ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் அறையில்தான் அவனுக்கு வேலை.

மேனேஜர் ஆரோக்கியதாஸ் காத்திருந்தார்.

"என்னப்பா நம்ம வெப்சைட்டு? பேரு, ஊரு, வயசு எல்லாம் அடிச்சு முடிச்சா மறுபடி முதல்லேர்ந்து கேக்குதாம். ஒரு பேஷன்ட் போன்ல கத்துறாரு. கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்டா மனுஷனுக்குக் கோவம் வராதா?"

அவனுக்குக் காது சூடானது.

"வரும் சார்."

வெப்சைட்டுக்குப் பின்னால் நான்கு சர்வர்கள். முன்னால் ஒரு லோட் பேலன்சர். வருகிறவரை எது காலியோ அங்கே தள்ளிவிடும். முதல் சர்வரிடம் பெயர் சொன்னவர் அடுத்த க்ளிக்கில் மூன்றாவதன் முன் போய் நிற்பார். அதற்கு அவர் யாரென்றே தெரியாது.

யார் எங்கே தொடங்கினாரோ, முடியும்வரை அங்கேயே போகட்டும். அப்படி ஒரு அமைப்பு அதிலேயே இருக்கிறது. ஆன் செய்தான். சோதித்துப் பார்த்தான். டீ ஆறுவதற்குள் வேலை முடிந்தது.

அவ்வளவுதான்.

அவ்வளவேதான்.

டீயைத் தொடவில்லை.

கீழே டோக்கன் மெஷினும் இதே போலத்தான். எந்த டாக்டரின் அறை காலியோ அங்கே நோயாளியை அனுப்பும். கூட்டம் சமமாகப் பிரிய வேண்டும் என்று மேனேஜர் கேட்டு வாங்கியது.

போனில் கத்தத் தெரிந்தவருக்கு உடனே வேலை நடந்துவிட்டது. கீழே பெஞ்சில் கத்தத் தெரியாமல் உட்கார்ந்திருப்பவர்களுக்கு?

டோக்கன் மெஷினின் பாஸ்வேர்டும் அவனிடம்தான் இருந்தது.

யாரையும் கேட்காமல் மாற்றினான். முதலில் பார்த்த டாக்டர் யாரோ, இனி அவரிடமே. எல்லா நோயாளிகளுக்கும்.

அவளை முதலில் பார்த்தவர் டாக்டர் பானுரேகா. அன்றைக்கு எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, எழுதாமல் பேனாவை மூடி வைத்தவர்.

"ஒரே ஒரு தடவை வா" என்று கெஞ்சித்தான் அடுத்த வாரம் அழைத்து வந்தான். அவள் பெஞ்சின் ஓரத்தில் எழுந்து போகிறவள் போலவே உட்கார்ந்திருந்தாள்.

ஆரோக்கியதாஸ் வேகமாக வந்தார்.

"யோவ், ஆறாம் நம்பர் ரூம்ல திருவிழாக் கூட்டம். பக்கத்து ரூம் டாக்டர் சும்மா உக்காந்து செல்லைத் தடவிக்கிட்டு இருக்காரு. யாரைக் கேட்டு மாத்துன? உடனே பழைய மாதிரி ஆக்கு!"

அவன் எழுந்தான்.

"கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்டா மனுஷனுக்குக் கோவம் வராதா சார்?"

"என்னது?"

"நீங்க சொன்னதுதான்."

"அது வெப்சைட்டுக்குய்யா!"

"இது என் வீட்டுக்காரம்மா சார்."

பெஞ்சில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். குரலை அவன் இறக்கவில்லை.

"மாத்த மாட்டேன்."

"சாயங்காலம் என் ரூமுக்கு வா. பேசிக்கிறேன்."

போர்டில் அவள் எண் எரிந்தது. ஆறாம் அறை.

உள்ளே போனார்கள். அவன் வழக்கம்போல் பதிலைத் தொண்டையில் தயாராக வைத்திருந்தான்.

டாக்டர் பானுரேகா நிமிர்ந்தார்.

"வாங்க சுகிர்தா. ராத்திரி தலைவலின்னு சொன்னீங்களே, இப்ப எப்படி இருக்கு?"



அவள் கைப்பையைத் தரையில் வைத்தாள். நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

பிறகு, யாரும் கேட்காமலே சொன்னாள்.

"அவனுக்கு ஒரு பேரு வச்சிருந்தோம் டாக்டர்."