தங்கைக்குப் போகும் துப்பாக்கி

அப்பாவைக் கடைசி நான்கு வருடம் குளிப்பாட்டிச் சோறூட்டியவள் கிளாடிஸ். ஆனால் அவர் தம் துப்பாக்கியை எழுதிவைத்தது, புனேயில் துப்பாக்கிச் சுடும் போட்டிகளில் பதக்கம் வாங்கிக்கொண்டிருந்த இளையவள் ஷீபாவுக்கு. அதை அனுப்பிவைக்கும் வேலையும் கிளாடிஸின் தலையில்தான் விழுந்தது.

பார்சல் அலுவலகத்தில் ஷீபாவின் உரிமத்தையும் ஆட்சியர் அலுவலக அனுமதிக் கடிதத்தையும் சரிபார்த்த ஊழியர், "உள்ள குண்டு எதுவும் இல்லையே? திறந்து காட்டுங்க" என்றார்.

அப்பா ஒருநாளும் கிளாடிஸை அதைத் தொடவிட்டதில்லை. தங்கைக்கு அவர் சொல்லிக்கொடுத்ததைச் சன்னல் வழியாகப் பார்த்துப் பார்த்தே அவளுக்கு மனப்பாடமாகியிருந்தது. பெட்டியிலிருந்து துப்பாக்கியைக் கையிலெடுத்து, காலியான குண்டறையைத் தடுமாறாமல் திறந்து காட்டினாள்.

"பழகுன கை மாதிரி இருக்கே. நீங்களும் சுடுவீங்களா?"

"அப்பா எனக்குத்தான் முதல்ல சொல்லிக்குடுத்தாரு."

"அப்புறம் ஏன் தங்கச்சிக்கு அனுப்புறீங்க?"

"அவ ரொம்ப ஆசப்பட்டா. சரி வச்சிக்கட்டும்னு நான்தான் விட்டுக்குடுத்தேன்."

ஊழியர் அவளை மரியாதையோடு பார்த்தார். அவள் துப்பாக்கியைத் திரும்ப உள்ளே வைத்ததும் பெட்டியை மூடி முத்திரை வைத்து, "இனி எங்க பொறுப்புக்கா, குடுங்க" என்று கையை நீட்டினார்.

கிளாடிஸ் பெட்டியின் கைப்பிடியை விடாமல் நின்றாள்.