டம்ளர் பயிற்சி

விமானத்தை ஓட்டத் தெரிகிறதா என்று இப்போதெல்லாம் யாரும் சோதிப்பதில்லை. அது தானே பறந்துகொள்ளும். பைலட் எதையும் தொடாமல் இருக்கிறாரா என்பதுதான் செய்முறைத் தேர்வு. மெர்லின் இரண்டு முறை தோற்றிருந்தாள். விமானம் குலுங்கியதும் கை தானாக விசைகளை நோக்கிப் போய்விட்டது.

அதனால் தினமும் சாயங்காலம் சாப்பாட்டு மேசையில் பயிற்சி. அவள் கைகளை மடியில் வைத்து உட்கார்ந்திருப்பாள். கணவன் ஜெபராஜ் ஏதாவது பேசிக்கொண்டே எவர்சில்வர் டம்ளரை விளிம்பிலிருந்து தள்ளிவிடுவான். அவள் பிடிக்கக் கூடாது. வீட்டில் நெளியாத டம்ளர் ஒன்றுகூட மிச்சமில்லை.

"போதும்ப்பா. கண்ணெல்லாம் எரியுது."

"இன்னும் ஒண்ணே ஒண்ணு," என்று உருண்டோடிய டம்ளரை எடுக்கப் போனான்.

நடை பழகிக்கொண்டிருந்த மகள் ரூபி சுவரைப் பிடித்தபடி அம்மாவிடம் வந்தாள். கைக்கெட்டும் தூரத்தில் சுவரை விட்டாள், தள்ளாடினாள், குப்புற விழுந்தாள். மெர்லின் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

ஜெபராஜ்தான் ஓடிவந்து, வீறிட்ட குழந்தையைத் தூக்கி நெற்றியைத் தேய்த்துவிட்டான். பிறகு மனைவியின் மடியைப் பார்த்தான். கைகள் வைத்த இடத்திலேயே இருந்தன.

"இந்தத் தடவ நீ பாஸாயிருவ," என்றான்.